லோயர் ஆர்ம் புஷ், வீட்டு வாசல்லயே மாத்தலாம்

உசிலம்பட்டி ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம், பிரேக் அடிச்சா ஸ்டியரிங் அங்கிட்டும் இங்கிட்டும் இழுக்குதுன்னா மொதல்ல லோயர் ஆர்ம் புஷ்ஷ பாருங்க (முன் வீல கார் பாடியோட சேக்குற கீழ் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம், அது பாடியில மாட்டுற எடத்துல இருக்குற ரப்பர் உருளைதான் புஷ்), ரப்பர் வெடிச்சு இரும்ப விட்டு வந்திருக்கும்.

வீல் நட்ட தரையில நிக்கும்போதே லூஸ் பண்ணிட்டு ஜாக்கி போடுங்க. வெறும் ஜாக்கிய நம்பி அடியில கைய விட்றாதீங்க, ஸ்டாண்டு கட்டாயம். வீல் பக்கம் இருக்குற பால் ஜாயின்ட்டையும் (உருண்டை மூட்டு) பாடிப் பக்கம் இருக்குற ஆர்ம் போல்ட்டையும் கழட்டுனா ஆர்ம் கையோட வந்துரும். பழைய புஷ் எப்படித் திரும்பி நிக்குதுன்னு பெயின்ட்ல ஒரு கோடு போட்டுக்கங்க, நான் ஒருவாட்டி மறந்துட்டு போட்டதையே திரும்பப் புடுங்குனேன். சுத்தியல்ல அடிச்சு ஆர்ம வளைக்காம லேத்து பட்டறையில பிரஸ்ல (அழுத்துற மெஷின்) குடுத்து பழசத் தள்ளிட்டு புதுச ஏத்துங்க, உள்ள வழுக்க சோப்புத்தண்ணி போதும், சாதா கிரீஸ் ரப்பர ஊற வச்சிரும்.

ரப்பருக்குப் பதிலா வர்ற பாலியூரித்தேன் (கெட்டி பிளாஸ்டிக் மாதிரி) புஷ் நாள்பட உழைக்கும்தான், ஆனா விறைப்பு, ரோட்டு குலுக்கலெல்லாம் உள்ள வரும், எனக்கு ரப்பரே போதும்.

ரப்பர் புஷ்ஷுன்னா ஆர்ம் போல்ட்டோட கடைசி டைட்டு வண்டி எடை டயர்ல உக்காந்தப்புறம்தான். வீல் தொங்குறப்பவே போல்ட்ட முறுக்குனீங்கன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சுரும். அப்படியே வீல் அலைன்மென்ட்டுக்கு விட்ருங்க.