கணவாய்க் காற்றும் தண்ணீர் விடும் நாளும்: முதல் டிரையத்லானுக்கு 12 வாரத் தயாரிப்பு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட அளவு 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். புதிதாக வருபவருக்கு அதில் சரிபாதி போதும்: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. இதற்கு ‘ஸ்பிரின்ட்’ என்று பெயர். கோவாவில் 2019 முதல் நடக்கும் 70.3 போட்டியின் படங்களைப் பார்த்து, எடுத்த எடுப்பில் அதற்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அது 1.9, 90, 21.1 கி.மீ. வேறு கணக்கு.

இந்த விளக்கம் பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை என்று தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்களுக்கு. வேலை, குடும்பம், தோப்பு எல்லாம் இருக்கிறவர்களுக்கு. 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

படி 1: தூரத்துக்கு முன்னால் நேரம்

பலரும் இணையத்தில் கிடைக்கும் அட்டவணையை எடுத்து, அதற்குள் வீட்டைத் திணிக்கப் பார்க்கிறார்கள். மூன்றாவது வாரம் வீட்டில் சண்டை வரும், நாலாவது வாரம் சைக்கிள் துணி காயப்போடும் கம்பியாகும். வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். காலண்டரை எடுத்து, முதலில் உங்களால் முடியாத நேரங்களை அடியுங்கள். குழாயில் தண்ணீர் விடும் நாள், பிள்ளைகளின் பரீட்சை வாரம், தேங்காய் வெட்டு, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள். அடித்தது போக மிச்சம் இருப்பதுதான் உங்கள் பயிற்சி நேரம். அது வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஸ்பிரின்ட் முடிக்கலாம்.

மாதிரிக்கு ஒரு வாரம்:

செவ்வாய்: நீச்சல், 45 நிமிடம்
புதன்: ஓட்டம், 35 நிமிடம்
வியாழன்: சைக்கிள், 50 நிமிடம்
சனி: நீச்சல், 45 நிமிடம்
ஞாயிறு: சைக்கிள் 90 நிமிடம், இறங்கியதும் 15 நிமிட ஓட்டம்

மொத்தம் 4 மணி 40 நிமிடம். நீச்சல் குளத்துக்குப் போய்வரும் நேரம் தனி. திங்களும் வெள்ளியும் ஓய்வு. தண்ணீர் விடும் நாள் புதன் என்றால் ஓட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள். ஞாயிறு முகூர்த்தம் என்றால் சனியையும் ஞாயிறையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் கிழமையை விட்டுவிட்டு ஷிப்டை வைத்துக் கணக்குப் போட வேண்டும். காலை ஷிப்ட் வாரத்தில் எல்லாம் மாலையில். மதிய ஷிப்ட் வாரத்தில் எல்லாம் காலையில். கூட்ட வேண்டியதையெல்லாம் அந்த வாரத்தில் கூட்டுங்கள். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் ரோட்டில் சைக்கிள் எடுக்கவே கூடாது. தூக்கக் கலக்கத்தில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவது பயிற்சிக் கணக்கில் வராது. முதலில் தூக்கம், மாலையில் 25 நிமிட மெதுவோட்டம். அந்த வாரத்துக்கு அது போதும்.

ஒன்று தவறிப்போனால் போனதுதான். செவ்வாய் விட்ட நீச்சலைப் புதன் ஓட்டத்தோடு சேர்த்து ஈடுகட்டப் போனால் வியாழன் கால் வராது, சனிக்கிழமை இடுப்பு பிடிக்கும். முழு வாரமும் போய்விட்டதா? அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவர் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். இதற்காகவே போட்டிக்கு 14 வாரம் இருக்கும்போது தொடங்குங்கள். 12 வாரத் திட்டத்துக்கு இரண்டு வாரம் கையிருப்பு.

கூட்டுவது ஞாயிறு மட்டும். 40 நிமிட சைக்கிளில் ஆரம்பித்து, மேலே சொன்ன 90 வரை வாரத்துக்கு 10 நிமிடம் ஏற்றினால் போதும். ஒவ்வொரு நாலாவது வாரமும் எல்லாவற்றையும் பாதிக்குச் சற்று மேல் மிச்சம் இருக்கும்படி குறைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி உடம்பில் ஊறுவது அந்த வாரத்தில்தான்.

படி 2: கிணற்று நீச்சலைக் குளத்து நீச்சலாக்குவது

இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் கற்றவர்கள். தண்ணீர்ப் பயம் இல்லாதது பெரிய சொத்து. ஆனால் கிணற்றில் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்பார்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளும். 50 மீட்டரில் மூச்சு வாங்குவது இதனால்தான். உடம்பில் தெம்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

திருத்தும் முறை: பார்வை குளத்தின் தரையில், முகம் தண்ணீருக்குள். தண்ணீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தொடங்குபவர்கள் மூச்சை அடக்கி வைத்து, தலையைத் திருப்பிய அந்த அரை நொடியில் வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் பார்க்கிறார்கள். கரியமில வாயு தேங்கி, நெஞ்சு அடைப்பது போலப் பயம் வருகிறது. திரும்பும்போது உள்ளே இழுக்கும் வேலை மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

1–3 வாரம்: 25 மீட்டர் 8 முறை, நடுவில் 30 நொடி ஓய்வு. 4–6: 50 மீட்டர் 8 முறை. 7–9: 100 மீட்டர் 5 முறை, 20 நொடி ஓய்வு. 10-ஆம் வாரம் 750 மீட்டர் நிற்காமல், எவ்வளவு மெதுவாகவும் சரி. 25 மீட்டர் குளத்தில் அது 30 நீளம். ரிசார்ட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் சின்னக் குளங்கள். அளந்து பாருங்கள், 15 மீட்டர் என்றால் 50 நீளம். எண்ணிக்கை தவறும், அதனால் பத்துப் பத்தாக எண்ணுங்கள்.

பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) பாசன வாய்க்காலில் நீந்த வேண்டாம். தண்ணீர் திறந்துவிட்ட நாளில் பார்க்க அமைதியாகத்தான் ஓடும். சிமென்ட் பூசிய சரிவில் பாசி படிந்திருப்பதால், ஏற நினைத்தால் கைக்குப் பிடி கிடைக்காது. நன்றாக நீந்துபவரையும் அது இழுத்துக்கொண்டு போகும். ஆழியாறு அணையும் வேண்டாம். திறந்த நீரில் பழக வேண்டுமென்றால், ஊர்க்காரர்கள் அன்றாடம் குளிக்கும், படித்துறை உள்ள குளம், கரையில் நீந்தத் தெரிந்த ஒருவர், இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு நிற மிதவை மூன்றும் இருந்தால் மட்டும். அங்கே பழக வேண்டியது ஒன்றே: 8–10 கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் மேலே வரும்படி எட்டிப் பார்த்துத் திசை சரிபார்ப்பது.

படி 3: இருக்கிற சைக்கிளைச் சரிசெய்வது

புது சைக்கிள் வேண்டாம். கியர் உள்ள ஹைபிரிட் (ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை) போதும். சீட் உயரம் சரியாக இருந்தால் மலிவான சைக்கிளும் ஓடும்.

வாசல் சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஏறி உட்காருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டும்போது போடும் ஷூவைப் போட்டிருக்க வேண்டும். பெடல் அடிமட்டத்துக்குப் போகட்டும். குதிகாலைப் பெடல் மேல் வையுங்கள். முட்டி முழுதாக நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இப்போது பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு தானாக வரும். அதுதான் உயரம். சீட் கம்பியில் அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். பையன் எடுத்துப் போய் இறக்கி வைத்தாலும் திரும்ப ஏற்றலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம். அரை சென்டிமீட்டராக மாற்றுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் அது பிசுபிசுத்து, நார் ஆலைத் தூசியை எல்லாம் இழுத்து, பத்து நாளில் கறுப்புக் களிம்பாகிப் பல்சக்கரத்தைத் தின்னும். செயின் எண்ணெய் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கி இரண்டு நிமிடம் சுற்றி, வெளியில் இருப்பதைத் துணியால் முழுக்கத் துடையுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை.

பஞ்சர் சீமைக்கருவேல முள்ளில் வரும். டியூப் மாற்றும்போது டயரின் உள்பக்கம் ஒரு பஞ்சுத் துணியைச் சுற்றிலும் ஓட்டுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள். விரலை விட்டால் விரலில் ஏறும். முள்ளை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் அரை கிலோமீட்டரில் போகும். புது டியூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வையுங்கள். கடைசி ஒரு சாண் டயரைக் கட்டைவிரலால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். டயரை நெம்பும் லீவர் போட்டால் டியூபைக் கடித்துவிடும். உங்களுடையது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். அது இல்லாமல் ஊர்ப் பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்க முடியாது.

படி 4: காற்றைப் பார்த்துத் திசை

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசும். அந்த மாதங்களில் பொள்ளாச்சியிலிருந்து கிளம்புபவர்கள் முதலில் கோபாலபுரம் பக்கம், அதாவது காற்றை எதிர்த்து, மேற்கே போங்கள். களைத்துப்போய்த் திரும்பும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். கிழக்கே போனவர்கள் அசுர வேகம் வந்துவிட்டதென்று மகிழ்ந்து, திரும்பும்போது அழுவார்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று கிழக்கிலிருந்து வரும், வழியை மாற்றுங்கள். விடியற்காலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். காற்றடிக்கும் நாளில் வேகமானியைப் பார்க்காதீர்கள். வலது முட்டி 15 நொடியில் 20–22 முறை மேலே வரும்படி கியரைக் குறைத்துக்கொண்டே போங்கள்.

வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகள் முதல் வருடத்துக்கு இல்லை. ஏறுவதில் ஆபத்து குறைவு. இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போகும். மழை நாளில் தென்னந்தோப்பு ஓர ரோட்டில் விழுந்து கிடக்கும் மட்டை சோப்பு மாதிரி வழுக்கும், அதன் மேல் ஏற்றாதீர்கள். நாய் துரத்தினால் இறங்கி, உங்களுக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளை வைத்து நடங்கள். ஓடாதவரைத் துரத்த அதற்கு ஆர்வம் இருக்காது.

படி 5: ஓட்டம்

4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. 7-ஆம் வாரம் 9-க்கு 1. ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிற வேகம் போதும். ஷூவில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வெயிலில் கால் வீங்கும். வாய்க்கால் கரை மண்பாதை முட்டிக்கு நல்லது. விடியுமுன் போனால் டார்ச் கட்டாயம், பாம்பு அந்நேரம் பாதையில்தான் கிடக்கும்.

ஞாயிறு சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுவதற்கு ‘பிரிக்’ என்று பெயர். முதல் ஐந்து நிமிடம் கால் உங்களுடையதாகவே இருக்காது. சைக்கிளின் கடைசி 2 கி.மீ. சின்ன கியரில் வேகமாகச் சுற்றினால் அது குறையும். முதல் மூன்று வாரம் 5 நிமிடம் ஓடினால் போதும்.

படி 6: சாப்பாடு, தண்ணீர்

கிளம்புவதற்கு முக்கால் மணி முன்னால் இரண்டு வாழைப்பழமோ, வேகவைத்த நேந்திரம் ஒன்றோ. ஒரு மணி நேரத்துக்குள் முடிவதற்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் என்றால் ஒரு லிட்டரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு; வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். இளநீரோடு உப்புப் போட்ட எதையாவது சாப்பிடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எல்லை தாண்டியதும் கண்ணில் படும் கள்ளுக்கடை போர்டு இந்தக் கணக்கில் சேராது.

படி 7: மாறும் இடத்தைப் பழகுவது

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் நேரமும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும். கடைசி மூன்று வாரம் வாசலில் ஒரு துண்டை விரித்துப் பழகுங்கள். துண்டின் மேல் ஷூ, வாய் திறந்தபடி, உள்ளே கொஞ்சம் பவுடர். ஹெல்மெட் ஹேண்டில் பாரில் தலைகீழாக, வார் இரண்டு பக்கமும் விரிந்தபடி. ஈரத்தோடு வந்து, முதலில் ஹெல்மெட்டைப் போட்டுக் கொக்கியை மாட்டுங்கள். அதற்குப் பிறகுதான் சைக்கிளில் கை. திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும் வரை கொக்கியைக் கழற்றக் கூடாது. இதில் தவறினால் போட்டியில் தண்டனை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகக் கூடாது என்ற விதியும் பெரும்பாலான போட்டிகளில் உண்டு; எத்தனை மீட்டர் இடைவெளி என்பதை முந்தின நாள் விளக்கக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் புதிதாக எதுவும் வேண்டாம்: ஷூ, சீட் உயரம், சாப்பாடு எல்லாம் பழையதே. பயிற்சி பாதி. போட்டி அன்று தண்ணீரில் கூட்டத்தின் ஓரமாகவும் பின்னாலும் நில்லுங்கள். நடுவில் நின்றால் முகத்தில் கால் படும். முதல் 100 மீட்டர் மற்றவர்கள் பறக்கட்டும், நீங்கள் குமிழி விடுங்கள். மூச்சு முட்டினால் மல்லாந்து படுத்து கையைத் தூக்கினால் காப்புப் படகு வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கப் பொதுவாக அனுமதி உண்டு, படகு உங்களை முன்னால் இழுத்துச் செல்லாத வரை.