எண்ணை விடுங்கள், மீதியைப் பிடியுங்கள்: தொடர்வரிசையில் வகுபடும் கணக்குகள்

தேர்வில் இப்படி ஒரு கணக்கு வரும்: 5, 12, 19, 26, … என்று போகும் வரிசையின் முதல் 100 உறுப்புகளில் எத்தனை 3-ஆல் மீதியின்றி வகுபடும்? பார்த்ததும் கை தானாக வரிசையை நீட்டி எழுத ஆரம்பித்துவிடும். நானும் முப்பது உறுப்பு வரை எழுதி, நடுவில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டு, மொத்தத்தையும் கோட்டை விட்டிருக்கிறேன்.

எண் வளர்ந்துகொண்டே போகும், மீதி அப்படி வளராது. 3-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்றுதான், அதனால் சீக்கிரமே சுற்றி வந்துவிடும்.

முதல் படி, மீதிகளை மட்டும் எழுதுங்கள். 5-க்கு 2, 12-க்கு 0, 19-க்கு 1, 26-க்கு மறுபடி 2. உண்மையில் முதல் எண்ணை மட்டும் வகுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் 7 கூடுகிறது, 7-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1, ஆக மீதியும் ஒவ்வொன்றாக ஏறி 3 ஆனதும் 0-க்குத் திரும்புகிறது.

அடுத்து, 0 எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். சுற்று 2, 0, 1. அதில் இரண்டாவது இடம். அப்படியென்றால் 2, 5, 8, … ஆகிய இடங்களில் இருக்கும் உறுப்புகள் வகுபடும்.

இனி எண்ண வேண்டியதுதான். 100 உறுப்புகளில் 33 முழுச் சுற்று, மிச்சம் ஒன்று. பலர் சறுக்குவது இந்த மிச்சத்தில்தான். அது புதுச் சுற்றின் முதல் உறுப்பு, அதன் மீதி 2, கணக்கில் சேராது. விடை 33. கேள்வியில் 101 என்று இருந்திருந்தால் 34 ஆகியிருக்கும். சந்தேகமாக இருந்தால் கடைசியாக வகுபடும் 98-ஆவது உறுப்பைச் சரிபாருங்கள்: 5 + 97 × 7 = 684, இலக்கங்களின் கூடுதல் 18, சரி.

"3-ஆல் வகுபடுமா என்றால் மூன்றில் ஒன்று" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 4, 10, 16, 22, … வரிசையை 3-ஆல் வகுத்தால் மீதி 1, 1, 1 என்றே போகும், ஒன்றுகூட வகுபடாது. அதையே 4-ஆல் வகுத்தால் 0, 2, 0, 2, அதாவது பாதி வகுபடும், நான்கில் ஒன்று அல்ல. காரணம், பொது வித்தியாசமான 6-க்கும் 4-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 2; வகுக்கும் எண்ணை அதனால் வகுத்தால் வருவதுதான் சுற்றின் நீளம், இங்கே 4 ÷ 2 = 2. ஆனால் அந்தச் சுற்றுக்குள் 0 இருக்கிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் மாறிக்கொண்டே போகும் வரிசைக்கும் இதே வழிதான். 1, 3, 7, 15, 31, … (முந்தையதை இரண்டால் பெருக்கி 1 கூட்டு). 50-ஆவது உறுப்பை 7-ஆல் வகுத்தால் மீதி என்ன? உறுப்பு பதினாறு இலக்க எண், அதை யார் கணக்கிடுவது! மீதியை மட்டும் இரட்டித்து 1 கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 3, 0 (3-ஐ இரட்டித்து 1 கூட்டினால் 7, மீதி 0), அப்புறம் மறுபடி 1. சுற்று மூன்று. 50-ல் 48 முழுச் சுற்றுகளாகப் போக மிச்சம் 2, ஆகவே சுற்றின் இரண்டாவது இடம், மீதி 3.