டெங்கு நோயாளியை கூகுள் ஃபார்முக்குள் கொண்டுவருவது எப்படி?

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நான் பொது மருத்துவம் எடுக்கிறேன். ஒரு பேட்ச்சில் 150 பேர். வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நின்றால், முன்னால் நிற்கும் நாலு பேர்தான் வாய் திறப்பார்கள். மீதிப் பதினாறு பேர் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ளத்தான் கூகுள் ஃபார்மை எடுத்தேன்.

முதலில் ஒரு கேஸ் எழுதுங்கள். என்னுடையது இது: 22 வயது இளைஞர். நாலு நாள் காய்ச்சல் இன்று காலையில் விட்டுவிட்டது. ஆனால் வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை. ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்; பிளாஸ்மா கசிந்தால் ஏறும்) நேற்று 40, இன்று 48. பிளேட்லெட் 40,000. ரத்தக்கசிவு இல்லை. அடுத்து என்ன செய்வீர்கள்?

தவறான விடைகளில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மாணவர்கள் உண்மையிலேயே நம்புவதை அங்கே வையுங்கள். 'காய்ச்சல் விட்டதால் வீட்டுக்கு அனுப்புவேன்', 'பிளேட்லெட் ஏற்றுவேன்' இரண்டும் வார்டில் என் காதில் விழுந்தவை. சரியான விடை, அட்மிட் செய்து சலைனை அளந்து கொடுத்து ஹெமட்டோகிரிட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

அப்புறம் ஒவ்வொரு விடைக்கும் தனிப் பகுதி. கேள்வியின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், விடையைப் பொறுத்துப் பகுதி மாறும் வசதி வரும். வீட்டுக்கு அனுப்பியவருக்கு, நோயாளி இரவில் திரும்பி வருகிறார்: கைகால் சில்லிட்டு, பி.பி. 90/76. அந்த இரண்டு எண்களின் இடைவெளி என்ன சொல்கிறது என்று கேளுங்கள் (இவ்வளவு குறுகினால் ஷாக்). பிளேட்லெட் ஏற்றியவருக்கு ஹெமட்டோகிரிட் 52 ஆகிறது. ரத்த நாளத்திலிருந்து பிளாஸ்மா கசிவதை பிளேட்லெட் நிறுத்தாது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எங்கே போக வேண்டும் என்று நீங்களே குறிக்க வேண்டும். முதல் தடவை நான் அதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு அனுப்பியவர்கள் பிளேட்லெட் பகுதிக்குள்ளும் போய்க் குழம்பினார்கள். தவறியவரைப் பழைய கேள்விக்கே திருப்பி அனுப்பவும் வேண்டாம். விடையை மாற்றினால் முதல் விடை அழிந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த முதல் விடைதான்.

கூடவே, 'எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி சேருங்கள். தவறாகவும் உறுதியாகவும் சொன்னவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மறுநாள் எதில் வகுப்பைத் தொடங்குவது என்று முடிவு செய்கிறேன்.

நோயாளியின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். ஈ.சி.ஜி. என்றால் பெயரையும் ஐ.பி. எண்ணையும் (உள்நோயாளி எண்) வெட்டிவிடுங்கள்.

விடுதியில் இருந்து எழுதும் ஃபார்முக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, அது பயிற்சி மட்டுமே. மதிப்பெண் வேண்டுமென்றால் ஹாலில் கண்காணிப்போடு வைத்து, பிறகு கேள்விகளையும் சோதியுங்கள். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதத்தையும் கீழே உள்ள 27 சதவீதத்தையும் எடுங்கள். 150 பேரில் சுமார் 40 பேர் வீதம். மேலே 28 பேரும் கீழே 12 பேரும் சரியாக எழுதியிருந்தால், 16-ஐ 40-ஆல் வகுக்க 0.4 வரும். நன்றாகத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டும் நல்ல கேள்வி. எதிர்மறை எண் வந்தால் முதலில் உங்கள் விடைக்குறிப்பைப் பாருங்கள். என் கேள்வியில் தப்பு இருந்தால் எல்லோருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, கேள்வியைத் திருத்தி எழுதுகிறேன்.