மருந்துக்குக் கேட்காத களை: செலவைக் கணக்குப் போடுவது எப்படி?

நேரடி விதைப்பு நெல்லில் பிஸ்பைரிபாக் என்ற களைக்கொல்லி அடித்துப் பதினைந்து நாள் ஆகியும் குதிரைவாலிப் புல் பச்சையாக நிற்கிறதா? அடுத்த பாட்டிலுக்குக் கடைக்கு ஓடாமல் முதலில் வயலுக்குள் இறங்கி ஒரு நடை நடந்து பாருங்கள். பட்டை பட்டையாகத் தப்பியிருந்தால் தெளித்தவர் கைவிட்டுப்போன இடம். எல்லா வகைக் களையும் நின்றால் அளவு குறைந்திருக்கும், தண்ணீரை வடிக்காமல் அடித்திருப்பீர்கள், இல்லை களை நாலு இலையைத் தாண்டி முற்றிய பிறகு அடித்திருப்பீர்கள். ஆனால் ஒரு குதிரைவாலி கருகிக் கிடக்க, அதை ஒட்டியே அதே வயசில் இன்னொன்று கொழுத்து நிற்கிறது, போன வருஷமும் இதே மூலைதான் என்றால் அது எதிர்ப்புத்திறனாக இருக்கலாம், அதாவது சரியாக அடித்தாலும் அந்த மருந்தைத் தாங்கும் சக்தி களைக்கு வந்திருக்கலாம்.

சரி, இப்போது நோட்டை எடுங்கள். நம்மில் பலர் எழுதுவது மருந்து விலையை மட்டும்தான், அது இருப்பதிலேயே சின்னத் தொகை. ஒரு ஏக்கருக்கு உதாரணமாக: இரண்டாம் முறை மருந்தும் தெளிப்புக் கூலியும் 1,200, அதுவும் கேட்காமல் கைக்களைக்கு 8 ஆள், தலைக்கு 350 வீதம் 2,800, அப்படியும் குறைந்த 3 மூட்டை நெல், மூட்டை 1,300 வீதம் 3,900. ஆக 7,900 ரூபாய். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டைக் கணக்குக்கு, களை இல்லாத மூலையிலும் களை மண்டிய மூலையிலும் ஒரே அளவு இடத்தைத் தனித்தனியாக அறுத்து எடை போட்டால் போதும்.

இதில் சேராத செலவு ஒன்று உண்டு, மண்ணில் உதிரும் விதை. ஒரு குதிரைவாலிச் செடி ஆயிரக்கணக்கில் உதிர்க்கும், தப்பிய செடியின் விதை என்பதால் அடுத்த வருஷம் அதே மருந்துக்கு இன்னும் அதிகமாகத் தப்பும். அதனால் கதிர் முற்றும் முன்னால் இரண்டு ஆளை விட்டுப் பிடுங்கி வரப்புக்கு வெளியே போடச் சொல்லுங்கள். அன்றைய 700 ரூபாய் கசக்கும்தான், மேலே உள்ள 7,900-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே மருந்தையே அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்: ஹரியானாவில் நெல்லுக்குப் பின் கோதுமை என்று மாறாமல் போட்டு, வருஷக்கணக்கில் கோதுமைக்கு ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி ஒன்றையே அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் 'குல்லி டண்டா' என்ற புல் அதற்கு அடங்காமல் போனது. களை மண்டிய வயல்களில் கோதுமையைப் பச்சையாகவே மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்களும் உண்டு. மாற்று மருந்து வந்தது, பின்னாளில் அதற்கும் பழகிவிட்டது.

மருந்தை மாற்றும்போது பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிஸ்பைரிபாக், பெனாக்சுலம், பைரசோசல்ப்யூரான் மூன்றும் களைக்குள் ஒரே நொதியைத்தான் தடுக்கின்றன, ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போவது பாட்டிலை மாற்றுவதுதான். சைஹாலோபாப் வேறு வழியில் வேலை செய்யும், ஆனால் புல் வகைக்கு மட்டும், கோரைக்குக் கேட்காது. கடையில் "வேறு குரூப் மருந்து", அதாவது வேறு வழியில் வேலை செய்யும் மருந்து என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் ஒரு போகம் நடவுக்கு மாறுங்கள், சேறடித்துத் தண்ணீர் கட்டினால் குதிரைவாலி முளைப்பதே குறையும்.

அப்புறம், அறுவடை மெஷினை அந்த மூலைக்குக் கடைசியாக விடுங்கள், இல்லாவிட்டால் விதையை வயல் முழுக்க அதுவே தூவிவிடும்.