மாற்றுத்திறனாளிகளுக்குக் கடலோர முகாமா? முதலில் கழிப்பறையைப் பாருங்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் நடந்த கோடை முகாம் ஒன்றுக்கு உதவியாளாகப் போயிருந்தேன். காலையில் ஓர் அக்காவிடம் கொடுத்த தண்ணீர் பாட்டில், மாலை வரை மூடி திறக்காமல் அவர் மடியிலேயே கிடந்தது. கேட்டேன். "குடித்துவிட்டு எங்கே போவது, தம்பி?" என்றார். கழிப்பறை இருந்தது. ஆனால் வாசலில் இரண்டு படி; கதவோ சக்கர நாற்காலி நுழையாத அகலம்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் கடலைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் யாருக்குமே ஆபத்து. தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அந்த இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. உடல் சூடு தணிய வழியில்லை. சிறுநீர்த் தொற்றும் சீக்கிரம் வரும். எனவே, முன்பணம் கொடுக்குமுன் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவரையே அழைத்துப்போய்க் கழிப்பறைக்குள் போய்வரச் சொல்லுங்கள். கதவு 90 செ.மீ. அகலம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குச் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். "நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுவோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் தூக்கப்படுகிறவரின் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.

நண்பகல் மணலில் யாரையும் இறக்காதீர்கள். உணர்ச்சியற்ற பாதம் வெந்து கொப்புளித்தாலும் அவருக்குத் தெரியாது. கரையோரம் சீமைக் கருவேல முள் கிடக்கும். பஞ்சர் ஒட்டும் சாமான் கையோடு இருக்கட்டும்.

பாக் நீரிணைப் பக்கத்தை இங்கே பெண் கடல் என்பார்கள், அலை அடங்கியிருக்கும். குளிப்பதென்றால் அங்கேதான், அதுவும் காலையில். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கடலைப் பார்ப்பதோடு சரி. வலிப்பு உள்ளவர் தண்ணீரில் இறங்கினால், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பயண அலைச்சலில் அவருடைய மாத்திரை நேரம் தவறிவிடக் கூடாது.

இன்னொன்று, என்னால் பொறுக்கவே முடியாதது. "கடல் பக்கம் ஓடிவிடுவான்" என்று அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை அறையில் வைத்துப் பூட்டுவது. இதே கடலோரத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். பூட்டு வேண்டாம். அப்படிப்பட்ட பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு தன்னார்வலரைத் துணைக்கு விடுங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால், இந்த ஆண்டு பத்துப் பேரை மட்டும் அழைத்துப்போங்கள்.