முதுமையில் பார்வை மங்கினால்: எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை

அறுபதைக் கடந்த ஒருவர் பார்வை தெளிவாக இல்லை என்று சொன்னதும், "புரை விழுந்திருக்கும், முத்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வீட்டாரே முடிவு செய்துவிடுவது குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி என்று வேலூர்ப் பக்கம் எங்கும் இன்றும் நடக்கிறது. பல நேரங்களில் அந்த ஊகம் சரியாகவே இருக்கும். முதுமையில் பார்வை குறைவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று கண்புரைதான். ஆனால் அதே மங்கல் கண் அழுத்த நோயாலோ (கிளாக்கோமா), விழித்திரைச் சிதைவாலோ, சர்க்கரை நோயாலோ வந்திருந்தால், காத்திருக்கும் காலமெல்லாம் பார்வையின் ஒரு பகுதி நிலையாகவே போய்க்கொண்டிருக்கும். புரை மறைத்த பார்வையை அறுவை சிகிச்சை மீட்டுத் தரும். கண் அழுத்த நோய் பறித்த பார்வையை எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராது. ஆகவே எந்தச் சிகிச்சை என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த நோய் என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படிக்க வைத்துச் செய்யும் சோதனை இதற்குப் போதாது. பார்வையின் அளவு, கண்ணின் உள் அழுத்தம், கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கருமணித் துளையை) விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழுப் பரிசோதனை. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902-இல் நிறுவிய ஷெல் மருத்துவமனை, வேலூர் ஆரணி சாலையில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) கண் மருத்துவமனையாகப் பெயர்பெற்றது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் சிகிச்சை பெறலாம். காலையிலேயே புறப்படுங்கள். பழைய கண்ணாடி, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு, ஆதார் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவை விரித்தபின் சில மணி நேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும் என்பதால், முதியவரைத் தனியே அனுப்பக் கூடாது. அவர் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பவும் கூடாது.

கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் தெளிவை இழந்து வெண்மையடைவது. இதைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கப்படுவதற்குப் பணம் செலவிட வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு போன்றவற்றைக் கண்ணில் விடுவது கருவிழியில் கிருமி தொற்ற வழி செய்யும். தொடக்க நிலையில் கண்ணாடியின் பவரை மாற்றி, நல்ல வெளிச்சத்தில் வேலை செய்து சில காலம் ஓட்டலாம். ஆனால் புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பது, லென்ஸ் பொருத்தாமல் அறுவை செய்துவந்த பழைய காலத்து வழக்கம். இன்று அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும்போதே அறுவை செய்துகொள்ளலாம். மிகவும் முற்றிய புரை கல்போல் இறுகி அறுவையைக் கடினமாக்கும். சிலருக்கு அதுவே கண்ணின் அழுத்தத்தை உயர்த்திக் கடும் வலியைத் தரும்.

அறுவையில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் துளை வழியாக ஒலியலைகளால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது பேக்கோ முறை. சற்றுப் பெரிய கீறல் வழியாகப் புரையை முழுதாக வெளியே எடுப்பது சிறுகீறல் முறை. அந்தக் கீறலும் பெரும்பாலும் தையல் இல்லாமலே மூடிக்கொள்ளும். அரசு மருத்துவமனையிலும் கண் முகாமிலும் சிறுகீறல் முறையைச் சொன்னால், அது தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். பழகிய கையில் இறுதிப் பார்வை ஏறக்குறைய ஒன்றேதான், இறுகிய புரைக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கும்.

செலவில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது, புரையை எடுத்த இடத்தில் பொருத்தும் செயற்கை லென்ஸ். ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸைப் பெரும்பாலும் தூரப் பார்வைக்கு ஏற்பவே கணக்கிடுவார்கள். படிக்கவும் தைக்கவும் கண்ணாடி தேவைப்படும். உங்கள் அம்மா நாள் முழுவதும் பீடி சுற்றுபவராகவோ, ஆம்பூரில் காலணித் தையல் வேலை பார்ப்பவராகவோ இருந்தால், லென்ஸ் அளவு எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கிட்டப் பார்வைக்குப் பொருந்துமாறு பவரைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். இந்த ஒரு பேச்சு நடக்காததால், அறுவை நன்றாக முடிந்தும் "முன்னே தெரிந்ததுகூட இப்போது கிட்டத்தில் தெரியவில்லை" என்று மனம் வருந்துபவர்கள் உண்டு. பல தூரங்களுக்கான விலை உயர்ந்த லென்ஸில் கண்ணாடியின் தேவை குறையும். ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியக்கூடும், மேலும் கண் அழுத்த நோயோ விழித்திரை நோயோ உள்ளவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. கடன் வாங்கி அந்த லென்ஸைப் போட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அறுவைக்கு முன் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடும் பெரியவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த மருந்து அறுவையின்போது பாப்பா சரியாக விரியாமல் தடுக்கும். பின்னர் நான்கு முதல் ஆறு வாரங்கள் சொட்டு மருந்து தொடரும். மருத்துவர் அனுமதிக்கும்வரை தலைக்குக் குளிப்பதும், விறகடுப்புப் புகையில் நிற்பதும், கண்ணைக் கசக்குவதும் கூடாது. வலி, சிவப்பு, பார்வைக் குறைவு இவை புதிதாகத் தோன்றினால் அடுத்த நாள்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி தொற்றியிருக்கலாம். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கினால், பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு தடித்திருக்கும். அதைச் சில நிமிட லேசர் சரிசெய்துவிடும்.

கண் அழுத்த நோயைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனெனில் அது பெரும்பாலும் வலியே இல்லாமல், ஓரப் பார்வையிலிருந்து தொடங்குகிறது. கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும்; அதற்குள் இருந்தும் பார்வை நரம்பு பாதிக்கப்படுவோர் உண்டு என்பதால் அழுத்த அளவு மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. முதல் சிகிச்சை பெரும்பாலும் சொட்டு மருந்து. லாட்டனோபுரோஸ்ட் போன்றவற்றை இரவில் ஒரு முறை விட்டால் போதும். டிமோலால் ஆஸ்துமா உள்ளவருக்கும் இதயத் துடிப்பு குறைவானவருக்கும் ஆபத்தாகலாம் என்பதால், அந்த நோய்களை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணுக்குள் நீர் வடியும் வழியான வடிகால் கோணம் குறுகியவர்களுக்கு லேசரால் சிறு துளை இடுவார்கள். திறந்த கோணம் உள்ளவர்களுக்கு வேறு வகை லேசரும், இவை எதிலும் அழுத்தம் இறங்காதவர்களுக்கு அறுவையும் இருக்கின்றன.

இந்தச் சொட்டு மருந்தை வாழ்நாள் முழுதும் விட வேண்டியிருக்கும். புட்டி தீர்ந்ததும் "இப்போது நன்றாகத்தான் இருக்கிறது" என்று நிறுத்திவிடுவதே நோய் முற்றுவதற்குப் பெரிய காரணம். மருந்து பார்வையைக் கூட்டுவதற்கல்ல, இருப்பதைக் காப்பதற்கு என்பதை முதியவருக்குப் பொறுமையாகப் புரிய வைக்க வேண்டும். கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரமுள்ள மூலையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். கை நடுங்குபவருக்கு வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இந்த நோய் குடும்பத்தில் தொடர்வதால், நாற்பதைக் கடந்த உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கண் சிவந்தால் மருந்துக் கடையில் தாமாக வாங்கி விடும் ஸ்டீராய்டு சொட்டு, அழுத்தத்தையும் புரையையும் ஒருசேரக் கொண்டுவரக்கூடியது.

விழித்திரையின் மையம் சிதைவது மற்றொரு முதுமை நோய். ஓரத்தில் எல்லாம் தெரியும், பார்க்க விரும்பும் முகம் மட்டும் தெரியாது. இதைக் கவனிக்க எளிய வழி உண்டு: ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், நேரான கம்பி வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால் உடனே விழித்திரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தக்குழாய் கசியும் ஈர வகைக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும், மரத்துப்போக மருந்து விட்ட பின் சில நொடிகளில் முடிந்துவிடும். ராணிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், விலை குறைந்த பெவாசிசுமாப் ஆகியவை பயன்பாட்டில் உள்ளன. தொடக்கத்தில் மாதம் ஒன்று என்று பல முறை போட வேண்டியிருக்கும் என்பதால், மொத்தச் செலவையும் காப்பீட்டையும் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கசிவு இல்லாத உலர் வகையின் நடு நிலையில் துத்தநாகம், லூட்டீன், வைட்டமின் சி, ஈ அடங்கிய குறிப்பிட்ட மாத்திரைகள் நோயின் வேகத்தைக் குறைக்கலாம். பீடி, சிகரெட் புகைப்பவர் நிறுத்துவது எல்லா நிலையிலும் உதவும்.

சர்க்கரை நோயாளிகள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். நோயின் கட்டத்தைப் பொறுத்து லேசரோ ஊசியோ, இரத்தக் கசிவு தேங்கியிருந்தால் விழித்திரை அறுவையோ தேவைப்படும். வயதானால் கிட்டத்து எழுத்து தெளிவாகத் தெரியாத வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். கண் உலர்ந்து உறுத்தினால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், இமைகளுக்கு வெதுவெதுப்பான ஒத்தடமும் பெரும்பாலோருக்குப் போதுமானவை.

திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போவது, மின்னல்போல் ஒளி தெறிப்பது, கரும்புள்ளிகள் பெருகுவது, திரை இறங்குவதுபோல் மறைப்பது ஆகியவை அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். வாந்தியோடு கடுமையான கண்வலியும் விளக்கைச் சுற்றி வண்ண வளையங்களும் தோன்றினால், அதைப் பித்தம் என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ விட்டுவிடக் கூடாது. அது கண் அழுத்தம் திடீரென ஏறியதாக இருக்கலாம்.

இனிப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாலும் செய்வதற்கு வேலை இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடிகளையும் பிற துணைக்கருவிகளையும் பார்வைக் குறைவுப் பிரிவில் கேட்டுப் பெறலாம். படிக்கட்டின் விளிம்புகளில் மஞ்சள் வண்ணம் பூசி, கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்குப் பொருத்தி, மாத்திரைப் புட்டிகளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பார்வை இழப்பு வரையறுத்த அளவுக்கு மேல் இருந்தால், அரசு மருத்துவமனையில் சான்று பெற்று மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.