செஃப் கிளஸ்டர் எவ்வளவு சுமை தாங்கும்? ஃபியோவை வைத்து அளந்து பார்க்கலாம்

செஃப் என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாக்கித் தரும் சேமிப்பு மென்பொருள். ஃபியோ என்பது டிஸ்க் வேகத்தை அளக்கும் கருவி. கிளஸ்டரை நிறுவி முடித்துவிட்டீர்கள், நிலைமை 'ஹெல்த் ஓகே' என்று வைத்துக்கொள்கிறேன். நேரே அளவீட்டுக்குப் போவோம்.

1. நெட்வொர்க்

நோடுகளுக்கு (கிளஸ்டரில் உள்ள சர்வர்களுக்கு) இடையே, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஓட்டுங்கள். 10 கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 1.25 ஜிபிக்கு மேல் போகவே முடியாது. பிறகு ஒரே கிளையன்ட்டில் அதைத் தாண்டி ஒரு எண் வந்தால், சந்தோஷப்படாதீர்கள், அது கேஷ் (நினைவகத்தில் இருக்கும் நகல்) தரும் எண். மூன்று பிரதி வைக்கும் பூலில் (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் பகுதி), நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஓஎஸ்டிகளுக்குள் (டிஸ்க் ஒவ்வொன்றையும் கவனிக்கும் செஃப் ப்ராசஸ்கள்) இன்னும் 2 ஜிபி ஓடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2. ராடோஸ் பெஞ்ச்

இது செஃப்போடு வரும் அளவீட்டுக் கருவி. சோதனைக்கென்று தனிப் பூல் போடுங்கள். இயல்பாகவே 4 எம்பி ஆப்ஜெக்டுகளை, ஒரே நேரத்தில் 16 வீதம் எழுதும். முடிந்ததும் எழுதியதைத் தானே அழித்துவிடும். அதனால் வாசிப்புச் சோதனையும் வேண்டுமென்றால், எழுதும்போதே 'நோ-கிளீனப்' கொடுக்க வேண்டும்.

3. ஃபியோ: இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள்

புதிதாக ஒரு ஆர்பிடி இமேஜ் (செஃப் தரும் மெய்நிகர் டிஸ்க்) உருவாக்கி உடனே வாசிப்புச் சோதனை வைத்தால், எண்கள் வானத்தைத் தொடும். காரணம் எளிது: எழுதாத இடத்துக்கு ஆப்ஜெக்டே கிடையாது. செஃப் டிஸ்க்கைத் தொடாமலே பூஜ்ஜியங்களைத் திருப்பித் தருகிறது. எனவே முதலில் இமேஜ் முழுவதையும் ஒருமுறை எழுதி நிரப்புங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

நிரப்பிய பிறகும் கேஷ் இருக்கிறது. லினக்ஸின் பேஜ் கேஷைக் காலி செய்தால் போதாது. டிஸ்க்கில் தரவை எழுதி வைக்கும் பகுதியான புளூஸ்டோர் தன் கேஷை ஓஎஸ்டி ப்ராசஸுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஓஎஸ்டி ஒவ்வொன்றின் நினைவக இலக்கு இயல்பாக 4 ஜிபி. ஒன்று ஓஎஸ்டிகளை ரீஸ்டார்ட் செய்யுங்கள், அல்லது எல்லா ஓஎஸ்டிகளின் நினைவகத்தையும் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு பெரிய இமேஜ் வையுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஃபியோவில் 'ஆர்பிடி' எஞ்சினையே (கோரிக்கைகளை அனுப்பும் முறை) பயன்படுத்துங்கள், மவுண்ட் எதுவும் வேண்டாம். லினக்ஸில் இயல்பாக வரும் எஞ்சின், ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அடுத்ததை அனுப்பும். அதில் ஐஓடெப்த்தை (ஒரே நேரத்தில் நிலுவையில் வைக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை) 64 ஆக்கினாலும் எதுவும் மாறாது. தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையை மறந்துவிடுங்கள், அது அளவுகோலே இல்லை.

4கேபி துண்டுகளை ரேண்டமாக எழுதும் சோதனையில் ஐஓடெப்த்தை 1, 4, 16, 64 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் ஐஓபிஎஸ் (நொடிக்கு முடியும் கோரிக்கைகள்) ஏறாமல் நின்றுவிடும், தாமதம் மட்டும் ஏறும். உங்கள் கிளஸ்டரின் எல்லை அங்கேதான். தாமதத்தின் சராசரியைப் பார்க்காமல் 99வது பெர்சென்டைலைப் (நூற்றில் 99 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பது) பாருங்கள்.

4. சுமையோடு ஒரு ஓஎஸ்டியை நிறுத்துங்கள்

நிறுத்திய ஓஎஸ்டியை 'அவுட்' ஆக்க (தரவு வைக்கும் இடங்களிலிருந்து விலக்க) செஃப் இயல்பாக 600 நொடி காத்திருக்கும். அதன் பிறகுதான் தரவு இடம் மாறத் தொடங்கும். இரண்டு நிமிடச் சோதனையில் அந்தப் பாதிப்பு தெரியவே தெரியாது. கையாலேயே 'அவுட்' செய்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒவ்வொரு முறையும் எண் மாறுகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். பின்னணியில் ஸ்க்ரப் (சேமித்த தரவு சரியாக இருக்கிறதா என்று செஃப் தானே சரிபார்ப்பது) ஓடுகிறதா பாருங்கள். சோதனை நேரத்துக்கு மட்டும் 'நோஸ்க்ரப்', 'நோடீப்-ஸ்க்ரப்' இரண்டையும் போடலாம். அப்புறம் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.